குதிரில் வராத நாண்

செம்பாறைக்கோட்டையை ஆண்ட கொழுந்தப்ப பூபதிக்குப் போர் பிடிக்காது. போர்வீரர்கள் படும் பாட்டை வேடிக்கை பார்ப்பது ரொம்பப் பிடிக்கும். அதற்கு வழிசெய்து கொடுத்தவர் ஆயுதச்சாலை அதிகாரி கனகசபாபதி.

"வில்லைச் சும்மா கொடுத்தால் வாங்கிக்கொண்டு வீட்டில் போய்ப் படுத்துவிடுவான், மகாராஜா. வீரனைத் தேடவிட வேண்டும்" என்றார் அவர்.

ஆயுதச்சாலை முற்றத்தில் ஆள் உயரக் குதிர் ஒன்று வந்து நின்றது. நெல் கொட்டுகிற அதே மண் குதிர்தான். அதற்குள் ஆயுதங்களைப் போட்டார்கள். எல்லாம் தனித்தனி என்று சொன்னார்கள்: வில் தனி, நாண் தனி, அம்பு தனி, அம்புமுனை தனி, செருப்புகூட இடதும் வலதும் தனி. ஊரெங்கும் தண்டோரா: 'எவன் ஓர் உயிரைக் கொன்று வருகிறானோ, அவன் குதிரின் வாயில் ஒருமுறை கை விடலாம். கையில் வந்தது அவனுக்கு. வேறெங்கும் வாங்கக் கூடாது.'

பொருளுக்குத் தரமும் உண்டு. வெள்ளை நூல் கட்டியிருந்தால் மட்டம். பச்சை பரவாயில்லை. நீலம் நல்லது. பொன்னூல் கிடைத்தவன் மீசையைத் தடவிக்கொண்டு தெருவில் இரண்டு தரம் நடப்பான். ஆனால் நூல் உயர்ந்ததும் கனகசபாபதி ஆளைக் காடு மாற்றிவிடுவார். பச்சைக்காரனுக்குப் பன்றிக்காடு, நீலக்காரனுக்குக் கரடிக்காடு. அன்று முயலிடம் பட்ட பாட்டை இன்று கரடியிடம் படுவான். பிறகு எதற்கு உயர்ந்தோம் என்று ஒருவனும் கேட்கவில்லை. எல்லாருக்கும் அடுத்த நூல்மேல்தான் கண்.

பொன்னூல் வில் கிடைத்த பாவத்துக்கு எல்லைக்காவலன் கடம்பன் புலிக்காட்டுக்கு மாற்றப்பட்டான். வில் இருந்தது, அம்பு இருந்தது, நாண் மட்டும் இல்லை. கண்ணி வைத்து முயல் பிடித்துக் கொண்டுபோய்க் கை விட்டபோதெல்லாம் இடதுகால் செருப்பே வந்தது. வடக்குக் காவலில் யாருக்கோ நாண் கிடைத்ததாம் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த யாரோவைப் பார்த்தவர் இல்லை.

கடைசியில் அவன் அரசவை விகடன் அம்பலத்தாடியிடம் வந்து நின்றான். வாய்க்கொழுப்பால் அடிக்கடி வம்பில் மாட்டுகிறவன் அம்பலத்தாடி. ஆனால் அன்று அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அய்யா, நேத்து எங்க எருமையப் புலி தூக்கிட்டுப் போயிருச்சு. இன்னிக்குக் காலையில வாசல்லயே தடம் கெடக்கு. வீட்டுல பிள்ளைங்க இருக்குதுங்க. ஒரு நாண் வேணும், அவ்வளவுதான்."

அம்பலத்தாடி அவனை நேரே அரசரிடம் அழைத்துப் போனான்.

கனகசபாபதி அலட்டிக்கொள்ளவில்லை. "புலியைக் கொன்று வரட்டும். கை விடலாம். நாண் கிடைத்தாலும் கிடைக்கும்."

"புலியைக் கொல்லத்தானே நாண் கேட்கிறான்?"

"அதில்தான் சுவையே இருக்கிறது" என்ற கனகசபாபதி, யாரும் கேட்காமலே தொடர்ந்தார்: "குதிரில் நாண் இல்லையோ என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏராளமாகக் கிடக்கிறது."

'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்ற கதையாக இருக்கிறதே என்று அம்பலத்தாடி மனதுக்குள் குறித்துக்கொண்டான்.

அரசருக்கு வேடிக்கை தொடர வேண்டும். "சட்டம் சட்டம்தான். நாளை மாலைக்குள் சட்டப்படி இவனுக்கு நாண் வாங்கிக் கொடு, அம்பலத்தாடி. முடியாவிட்டால் அந்த வில்லோடு நீயே புலிமுன் போய் நில்."

கடம்பனின் முகம் செத்துவிட்டது. அம்பலத்தாடி பட்டென்று தன் முழங்கையில் ஓர் அடி அடித்து, உள்ளங்கையை நீட்டினான்.

"ஓர் உயிரைக் கொன்றுவிட்டேன், மகாராஜா. கை விடலாமா?"

கனகசபாபதி எட்டிப் பார்த்தார். "இது கொசு. கொசுவெல்லாம் ஓர் உயிரா?"

"உயிரில்லாததா நேற்று மகாராஜாவைத் தூங்கவிடாமல் கடித்தது?"

அரசர் தம் முதுகைச் சொறிந்தபடியே தீர்ப்புச் சொன்னார். "உயிர்தான்."

அவ்வளவுதான். மறுநாள் பொழுது விடிந்ததும் காவல்படை மொத்தமும் அகழிக்கரையில் உட்கார்ந்துவிட்டது. கைதட்டல் கேட்டுப் பஜனை நடக்கிறதென்று நினைத்த அக்கம்பக்கத்துப் பெண்கள் சுண்டல் கொண்டு வந்தார்கள். ஆளுக்கொரு கொசுவோடு வீரர்கள் வந்தார்கள், கை விட்டார்கள், திரும்பவும் அகழிக்கு ஓடினார்கள். முற்றத்தில் கேடயமும் கைப்பிடியும் செருப்பும் மலையாகக் குவிந்தன. மத்தியானத்துக்கெல்லாம் குதிரின் அடிமண் கையில் வந்தது. ஒரு நாண்கூட வரவில்லை.

அரசர் பல்லக்கில் வந்து இறங்கி, தாமே கையை விட்டுத் துழாவினார். நகத்தில் மண்தான் ஏறியது.

"கனகசபாபதி, நாண் எங்கே?"

"ஆவணியில் போடலாமென்று... அதுவரை ஆர்வம் குறையாமல் இருக்கட்டுமே என்று..."

"அதாவது, ஒருநாளும் போடவே இல்லை." அரசருக்கு முகம் சிவந்தது. கடம்பனின் வாசலில் கிடக்கும் புலித்தடம் அப்போதுதான் அவர் புத்தியில் ஏறியது. காவலாள் ஏந்தியிருந்த தம் சொந்த வில்லை வாங்கி, நாணைக் கழற்றிக் கடம்பன் கையில் கொடுத்தார். அவன் கும்பிட்டானோ இல்லையோ, ஆளைக் காணோம். புலிக்காட்டுப் பாதையில் புழுதி மட்டும் தெரிந்தது.

"இந்த ஆளுக்கு என்ன தண்டனை கொடுக்கலாம், சொல்" என்று அரசர் அம்பலத்தாடியின் பக்கம் திரும்பினார்.

"தண்டிக்காதீர்கள், மகாராஜா. அவர்மேல் பிழையில்லை. வில் வைத்திருந்தார், போட்டார். செருப்பு வைத்திருந்தார், போட்டார். நாண் அவரிடம் பிறவியிலேயே கிடையாது. இல்லாததை மனிதர் எங்கிருந்து எடுத்துப் போடுவார்?"

அரசர் ஒரு கணம் விழித்தார். பிறகு பல்லக்குக் கம்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கனகசபாபதியின் தலை மெல்ல மெல்லக் கவிழ்ந்து, மோவாய் மார்பில் முட்டியது.

அம்பலத்தாடி குனிந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"வந்துவிட்டது, மகாராஜா. வெள்ளை நூல்தான். ஆனாலும் நாண்."