கால் இருந்தால்தானே எறும்பு ஏறும்

'மூளை கடுகளவுதான்' என்று யாரையும் திட்டுவதற்குக் குறுக்குப்பாறை ஊர்க்காரர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். சொர்ணலிங்கம் சகோதரர்களோடு பழகிய ஊர் அது. அங்கே கடுகு ஒன்றும் அவ்வளவு சின்னப் பொருள் இல்லை.

மூத்தவன் சொர்ணலிங்கம், அடுத்தவன் ஐயம்பெருமாள், கடைக்குட்டி குருந்தன். தாய் தகப்பன் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் இந்த மூன்று தடிமாடுகளும் ஒரு நிஜ மாடும் குடியிருந்தார்கள். நாலு பேரில் யோசித்து நடக்கிறது அந்தப் பசு மட்டும்தான்.

சொர்ணலிங்கத்துக்கு முப்பத்தெட்டு வயசு. ஆறு இடத்தில் பெண் கேட்டு ஆறும் கைகூடவில்லை. போன ஆவணியில் வந்த பெண்ணின் தகப்பனார், பெஞ்சில் உட்கார்ந்து, காப்பியை வாங்கி, "நல்ல இடம்தான்" என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு கட்டெறும்பு அவரைக் கடிக்கக் கூடாத இடத்தில் கடித்துவிட்டது. மனுஷர் துள்ளிய துள்ளலில் காப்பி உத்தரத்துக்குப் போனது. சம்பந்தம் சந்திக்குப் போனது.

இப்போது ஏழாவது இடம். பெண் பெயர் கோமு. வெள்ளிக்கிழமை அவளுடைய தகப்பனார் ஆவுடையப்பன் வீடு பார்க்க வருகிறார் என்று தரகர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து சொர்ணலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டைத் திரும்பிப் பார்த்தால் எங்கே பார்த்தாலும் எறும்பு. சுவரில் எறும்பு, உப்பில் எறும்பு, படுத்தால் பாயில் எறும்பு.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா நான் சாமியாராப் போயிருவேன்" என்றான்.

"போ அண்ணே. ஆனா சாமியாரையும் எறும்பு கடிக்கும்லா?" என்றான் குருந்தன். அந்த ஒரு வார்த்தையில் சொர்ணலிங்கம் உண்மையாகவே அழுதுவிட்டான்.

செவ்வாய்க்கிழமை காலையில் மூவரும் பலசரக்குக் கடை தவசிக்கண்ணு அண்ணாச்சியிடம் போய் நின்றார்கள். அண்ணாச்சி பருப்பு நிறுத்துக்கொண்டே யோசனை சொன்னார். "எறும்பு எங்கேருந்து வருதுன்னு பின்னாலேயே போய்ப் பாருங்கடே. பொந்து இருக்கும். அதை அடைச்சிருங்க."

வீட்டுக்கு வந்து, வளர்ந்த ஓர் எறும்பாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் பின்னால் சொர்ணலிங்கம், அவன் பின்னால் ஐயம்பெருமாள், கடைசியில் குருந்தன். மிதித்துவிடக் கூடாதே என்று மூவரும் தவழ்ந்தே போனார்கள். எறும்பு அடுப்படிச் சுவரில் சுண்டுவிரல் அளவு ஓட்டைக்குள் நுழைந்தது.

"அண்ணாச்சி பின்னாலேயே போகச் சொன்னாரே?" என்றான் ஐயம்பெருமாள்.

"ஆமா. சுத்திப் போனா அது பின்னாலேயே போனதா ஆகாது" என்றான் சொர்ணலிங்கம்.

கடப்பாரை வந்தது. அரை மணி நேரத்தில் மூன்று ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை தயார். வெளியே போனால், எறும்பு நல்ல பிள்ளையாகக் காத்திருந்தது போல முருங்கை மரத்தடியில் நின்றது. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்த வழியே திரும்பி அடுப்படிக்குள் போனது.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"அப்போ எறும்பு வாறது நம்ம வீட்டுலேருந்துதான்" என்றான் சொர்ணலிங்கம், குரல் தாழ்ந்து.

"நம்ம வீடுதான் பொந்து" என்றான் ஐயம்பெருமாள்.

"அப்போ அடைச்சிர வேண்டியதுதான்" என்றான் குருந்தன்.

வாசல் கதவைச் சாத்தினார்கள், ஜன்னலைச் சாத்தினார்கள், பூட்டுப் போட்டார்கள். பொழுது சாயும்வரை மூவரும் தெருவில் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். பசு மட்டும் புதிய ஓட்டை வழியாக அடுப்படிக்குள் போய், வைத்திருந்த வாழைப்பழத் தாரைத் தின்றுவிட்டு நிழலில் படுத்துக்கொண்டது.

புதன்கிழமை அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டு எறும்பு சாக்பீஸ் ஒன்று கொடுத்தார். "கோடு போடுங்க. கோட்டை எறும்பு தாண்டாது. போய்த் தொலைங்க."

வீட்டைச் சுற்றிக் கோடு போட்டார்கள். வளையாமல் நெளியாமல் வெகு அழகான கோடு. போட்டு முடித்துக் கை தட்டும்போது குருந்தனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணே, எறும்பெல்லாம் உள்ளேல்லா இருக்கு? கோட்டைத் தாண்டாதுன்னா அது எப்படி வெளியே போகும்?"

சொர்ணலிங்கம் சாக்பீஸைக் கீழே போட்டான். இருக்கிற எறும்பை எல்லாம் நாமே பூட்டி வைத்துவிட்டோமே! யோசித்து, வாசலுக்கு நேரே ஒரு சாண் கோட்டை அழித்து வழி விட்டார்கள். வெளியே போகிறதை விடவும், உள்ளே வருகிறதைத் தடுக்கவும் ஐயம்பெருமாளைக் காவலுக்கு உட்கார வைத்தார்கள்.

சாயங்காலம் அண்ணன் போய், "என்னடே நிலவரம்?" என்று கேட்டான்.

"போனது கொஞ்சம், வந்தது நிறைய. எவ்வளவோ மறிச்சுச் சொல்லிப் பார்த்தேன். ஒண்ணுகூட நின்னு பதில் சொல்ல மாட்டேங்குது" என்றான் ஐயம்பெருமாள். அவன் தொடை முழுக்கத் தடித்திருந்தது.

வியாழக்கிழமை இவர்கள் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு அண்ணாச்சி கடையை அடைக்கப் பலகையை எடுத்து மாட்டப் பார்த்தார். சொர்ணலிங்கம் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணாச்சி, நாளைக்குப் பொண்ணு வீட்டுக்காரர் வாறார். என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு."

அண்ணாச்சிக்கு இரக்கம் வந்துவிட்டது. "அட, எது மேல எறும்பு ஏறக் கூடாதோ அது காலைத் தண்ணியில வைங்கடே. எங்க வீட்டுல பண்டம் வைக்கிற மேசையை அப்படித்தான் வச்சிருக்கு. எறும்புக்கு நீச்சல் தெரியுமா? தெரியாதுல்லா?"

இது நல்ல யோசனை. யாருக்கும் விளங்கும். தெருவில் உள்ள கிண்ணி, சட்டி, அண்டா எல்லாவற்றையும் இரவல் வாங்கி வந்து பெஞ்சுக்கு நாலு, கட்டிலுக்கு நாலு என்று வைத்தார்கள். பசுவுக்கும் நாலு வைத்தார்கள். அது மூன்றை உதைத்து நெளித்துவிட்டு நாலாவதில் இருந்த தண்ணீரைக் குடித்தது.

"பெஞ்சு காலு தண்ணியில இருக்கு, சரி. பெஞ்சுல உக்காருற மாமா காலு தரையிலல்லா இருக்கும்? அது வழியா ஏறிராதா?" என்றான் குருந்தன்.

"மாமா காலையும் தண்ணியில வச்சிர வேண்டியதுதான்" என்றான் சொர்ணலிங்கம்.

"நம்ம காலு?"

"அதையும்தான். நம்ம மேல ஏறி மாமா மேல தாவிட்டா?"

மிச்சம் இருந்தது அதிரசம். பக்கத்துத் தெரு அக்கா சுட்டுக் கொடுத்த ஒரு தூக்குச்சட்டி அதிரசம், எள் தூவினது. சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள். அதற்குக் கால் இல்லை.

"காலே இல்லாததுல எப்படி ஏறும்?" என்றான் ஐயம்பெருமாள். மூவருக்கும் அது சரியாகப் பட்டது. சட்டியைத் திறந்தபடி அடுப்படித் தரையில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆவுடையப்பன் தரகரோடு வந்து இறங்கினார். பெரிய மீசை, பெரிய சரீரம், பார்வை மட்டும் கொஞ்சம் மங்கல். வாசலிலேயே ஓர் அண்டாத் தண்ணீர் தயாராக இருந்தது.

"மாமா, காலை இதுல வைங்க" என்றான் சொர்ணலிங்கம்.

வந்தவருக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுக்கிறது வழக்கம்தானே என்று அவரும் வைத்தார். வைத்த காலை எடுக்க விடவில்லை. "நில்லுங்க மாமா" என்று சொல்லி, அண்டாவோடு அவரை மூன்று பேரும் தம் பிடித்துப் பெஞ்சுவரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்கள். ஆவுடையப்பன் தரகரின் தோளைப் பிடித்துக்கொண்டு தேரில் வருகிற சாமி போல வந்து உட்கார்ந்தார். பிறகு அண்ணன் தம்பி மூவரும் எதிரே ஆளுக்கொரு சட்டித் தண்ணீரில் ஏறி, கை கட்டி நின்றார்கள்.

"நீங்க ஏம்பா தண்ணியில நிக்கிய?" என்று கேட்டார் ஆவுடையப்பன், கண்ணை இடுக்கிக்கொண்டு.

"உங்க காலு தண்ணியில இருக்கையில எங்க காலு தரையில இருக்கலாமா மாமா?" என்றான் குருந்தன்.

ஆவுடையப்பன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு மரியாதையா!" என்று தரகரிடம் சொன்னார். தரகர் அவசரமாகத் தலையை ஆட்டினார்.

ஐயம்பெருமாள் சட்டியோடு குதித்துக் குதித்து அடுப்படிக்குப் போய் அதிரசத்தைக் கொண்டு வந்தான். மூடியில்லாத தூக்குச்சட்டிக்குள் பார்த்த சொர்ணலிங்கத்துக்கு உயிர் போய் வந்தது. அதிரசம் தெரியவில்லை. மேலே கன்னங்கரேலென்று பிள்ளையார் எறும்பு, ஒன்றின் மேல் ஒன்று. போச்சு! ஏழாவதும் போச்சு!

அவன் கை நீட்டுவதற்குள் ஆவுடையப்பன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டார். மென்றார். இன்னொன்றை எடுத்தார்.

"எள்ளை எவ்வளவு தாராளமாப் போட்டிருக்கீய! எங்க வீட்டுலயும் சுடுதாளுக, அங்கொண்ணும் இங்கொண்ணுமா. இது அள்ளிக் கொட்டியிருக்கு. லேசாப் புளிப்பும் இருக்கு, அதுவும் நல்லாத்தான் இருக்கு."

பதினாறு அதிரசத்தையும் தின்று முடித்து, சட்டியில் ஓடிக்கொண்டிருந்த மிச்ச எள்ளையும் விரலால் வழித்து நக்கிவிட்டு, "இந்த வீட்டுக்குத்தான் எம் பொண்ணு. பேசி முடிச்சாச்சு" என்றார்.

தம்பிகள் இருவரும் காலிச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணே, ஒரு எறும்புகூட இல்ல" என்றான் ஐயம்பெருமாள் காதோடு.

"மூணு நாளா நம்மளால முடியாதது" என்றான் குருந்தன்.

தரகர், "மாப்பிள்ளை வீட்டுல சீர் ஏதும் எதிர்பார்க்கியளா? வெக்கப்படாமச் சொல்லுங்க" என்றார்.

சொர்ணலிங்கம் அடுப்படிச் சுவரைப் பார்த்தான். அடுத்த எறும்பு வரிசை கிளம்பி வந்துகொண்டிருந்தது. மாமாவைப் பார்த்தான். அவர் விரலைச் சப்பிக்கொண்டிருந்தார்.

"பவுன், பாத்திரம் ஒண்ணும் வேண்டாம். மாமா இன்னைக்கே இங்கே தங்கிட்டாப் போதும்" என்றான் சொர்ணலிங்கம். "பொண்ணு பொறவு சாவகாசமா வரட்டும்."