பெயர்ச்சீட்டில் ஒரு சிவப்புப் பொட்டு

"டீச்சர், நந்தகோபன் படம் எப்படி உங்க சுவத்துக்கு வந்துச்சு?"

வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மாசிலாமணி அப்படித்தான். தலை வழுக்கை விழுந்தாச்சு, பொறாமை மட்டும் இன்னும் முதல் பெஞ்சுக்கு அடித்துக்கொள்கிறது. அவனும் நந்தகோபனும் அமலோற்பவம் டீச்சரிடம் ஒன்றாக ஓவியம் கற்றவர்கள்.

டீச்சர் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"கக்கத்துல என்னடா?"

"என் படம்தான். கேலரியில திருப்பிக் குடுத்துட்டாங்க. ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சாம்."

அந்த கேலரியில் எல்லோருக்கும் ஒரே ஒப்பந்தம்தான். படம் ஆறு மாதம் அவர்கள் சுவரில் தொங்கும். விற்றால் அவர்களுக்கும் பங்கு. விற்காவிட்டால் வரைந்தவனே வீட்டுக்குச் சுமந்துகொண்டு போக வேண்டியதுதான்.

"யாரும் கேக்கலையா?"

"ஒருத்தர்கூட கேக்கல. அவன் படம்னா மட்டும் போட்டி போட்டு வாங்குறாங்க. வயிறு எரியுது டீச்சர். உங்ககிட்ட என்ன மறைக்கிறது?"

"அது மூஞ்சியிலேயே தெரியுது. உன் படத்தை ஏன் கேக்கல?"

மாசிலாமணி கக்கத்திலிருந்த படத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தான்.

"நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்."

"சொல்லு."

"வித்த படத்தோட பெயர்ச்சீட்டுல சிவப்புப் பொட்டு ஒட்டுவாங்கல்ல? திறப்பு விழா அன்னைக்கே அவனுக்கு வரிசையா ஒட்டிட்டாங்க. என்னால தாங்க முடியல. யாரும் பாக்காத நேரம் என் படத்துக்கும் ஒண்ணு ஒட்டிட்டேன்."

டீச்சரின் கை நின்றது.

"கேலரிக்காரங்க கண்டுபிடிக்கலையா?"

"அண்ணன் தம்பி ரெண்டு பேர் நடத்துறாங்க. தம்பி வித்திருப்பான்னு அண்ணன் நெனச்சிருக்கார். அண்ணன் வித்திருப்பார்னு தம்பி நெனச்சிருக்கான். நேத்து கணக்கு முடிக்கிறப்பதான் முழிச்சாங்க."

"நீயே பிய்ச்சு எடுத்திருக்கலாமே."

"நந்தகோபன் ஒரு தடவை பாத்ததும் எடுத்துடலாம்னுதான் இருந்தேன். வந்தான், பாத்தான், கட்டிப்பிடிச்சுக்கிட்டான். 'உன் படம் விக்காம நிக்காதுன்னு எனக்குத் தெரியும்டா மாசி'ன்னான். டீ வேற வாங்கிக் குடுத்தான். அப்புறம் எந்த மூஞ்சியோட பிய்க்கிறது?"

"அவன் முகம் கொஞ்சமாவது வாடுச்சா?"

"இல்ல டீச்சர். அதான் இன்னும் எரியுது."

டீச்சர் தூரிகைகளைத் துணியில் ஒற்றி ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தார்.

மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை.

"அது கெடக்கட்டும். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. இந்தச் சுவத்துல நீங்க யார் படத்தையும் மாட்டினதில்ல. நான் எத்தனை தடவை சும்மாவே தர்றேன்னேன்? யார் யாரோ வாங்கறது எனக்குப் பெருசில்ல டீச்சர். உங்க வீட்டுல என் படம் இருக்கணும்னுதான் ஆசைப்பட்டேன். வேணாம் வேணாம்னுட்டு அவனோடதை மட்டும் மாட்டி வெச்சிருக்கீங்க."

"சும்மா வேணாம்னுதான் சொன்னேன். காசு குடுத்து வாங்கணும்னு இருந்தேன்."

"அவன் படத்தையா?"

"உன் படத்தை. அதுக்குன்னே கேலரிக்குப் போனேன். பொட்டு ஒட்டியிருந்துச்சு. பக்கத்துல பொட்டு இல்லாம இருந்ததை வாங்கிட்டு வந்தேன்."