குறை கண்டால் கயிற்றை இழு

கோயம்புத்தூர்ப் பக்கம் பம்பு செட் செய்கிற கம்பெனி ஒன்று. அதற்கும் ஜப்பானில் இருக்கிற ஒரு கம்பெனிக்கும் ஓர் ஒப்பந்தம். அங்கேயிருந்து நாலு பேர் மூன்று மாதம் இங்கே வந்து வேலை பார்ப்பது, இங்கேயிருந்து நாலு பேர் அங்கே போவது. ஜப்பான்காரர்கள் இருப்பதிலேயே கெட்டிக்காரர்களாக நாலு பேரைப் பொறுக்கி அனுப்பினார்கள். இங்கேயும் பொறுக்கித்தான் அனுப்பினார்கள். யார் மூன்று மாதம் இல்லாவிட்டாலும் யாருக்கும் தெரியாதோ, அப்படிப்பட்ட நாலு பேர்.

தலைவர் தெய்வசிகாமணி. பதினெட்டு வருட சர்வீஸ். கூடப் போனவர்கள் நஞ்சப்பன், ஆறுக்குட்டி, பொன்னுரங்கம். நால்வரும் எதையும் கலந்து பேசாமல் செய்ய மாட்டார்கள். ஒருவர் தனியாகச் செய்தால் பாதியில் நின்றுபோயிருக்கக்கூடிய தப்பு, கலந்து பேசியதால் முழுசாக நடந்து முடியும்.

தெய்வசிகாமணிக்கு இந்தப் பயணம் மானப் பிரச்சினை. கம்பெனியில் ஃபோர்மேன் நாற்காலி ஏழு மாதமாகக் காலி. ஜப்பானிலிருந்து நல்ல ரிப்போர்ட் வந்தால் அது உனக்குத்தான் என்று ஜெனரல் மேனேஜர் சொல்லியிருந்தார். வீட்டிலோ, மனைவி மயிலாத்தாளின் தம்பி பக்கத்து மோட்டார் கம்பெனியில் ஃபோர்மேன் ஆகி ஒரு வருஷம். இந்தச் செய்தியை மயிலாத்தாள் தோசைக்கு ஒரு தடவை சொல்லிவந்தாள். மனுஷன் தோசை தின்பதையே குறைத்துக்கொண்டார், பாவம்.

கிளம்புகிற அன்று ஜெனரல் மேனேஜர் ஒரே ஒரு புத்தி சொன்னார். அங்கே என்ன சொல்கிறார்களோ அதை அப்படியே செய்யுங்கள், சொந்த மூளையை உபயோகிக்காதீர்கள். இரண்டாவது பாதியைச் சொல்லி அவர் வாயை வலிக்கவைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஜப்பானில் அவர்களை வரவேற்றவர் மோரிதா என்கிற சூப்பர்வைசர். அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல எட்வின் என்று ஒருவர் இருந்தார். தூத்துக்குடிக்காரர், அந்த ஊரிலேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டவர். மோரிதா முதல் வேலையாகத் தலைக்குமேல் தொங்குகிற ஒரு மஞ்சள் கயிற்றைக் காட்டினார். வேலையில் எந்தக் குறை கண்ணில் பட்டாலும் சரி, யாராக இருந்தாலும் சரி, இதை இழுக்கலாம், மொத்த லைனும் நின்றுவிடும் என்றார். இழுத்தவரை யாரும் திட்ட மாட்டார்கள், நன்றி சொல்வார்கள் என்றார். குறையுள்ள சாமானுக்குச் சிவப்புச் சீட்டுக் கட்டிச் சிவப்புக் கூண்டில் போட வேண்டும். அது அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும்.

நால்வரும் கயிற்றை அண்ணாந்து பார்த்தார்கள். ஊரில் மெஷினை ஒரு நிமிஷம் நிறுத்தினால் மூன்று தலைமுறையை இழுத்துப் பேசுவார்கள். இங்கே நிறுத்துகிறவனுக்கு நன்றியாம். இதுவல்லவா கம்பெனி என்று நஞ்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் கேன்டீனில் முதல் குறை அகப்பட்டது. ஆறுக்குட்டி வெறும் சோற்றை ஒரு வாய் போட்டுவிட்டு, "உப்பு இல்லைங்ண்ணா" என்றார்.

"உப்பு இல்லாததுக்குப் பேரு குறைங்களா, இல்ல அவங்க பழக்கமுங்களா?" என்று கேட்டார் பொன்னுரங்கம்.

"பழக்கமா இருந்தாலும் இல்லாதது இல்லாததுதானே?" என்றார் நஞ்சப்பன்.

தெய்வசிகாமணி தீர யோசித்தார். "எந்தக் குறையா இருந்தாலும்னு சொன்னாங்க. உப்ப மட்டும் உட்டுறச் சொல்லலையே" என்றார்.

நால்வரும் கையைக் கழுவிக்கொண்டு வரிசையாக நடந்துபோய்க் கயிற்றை இழுத்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கையிலிருந்த ஸ்பேனரோடு அப்படியே நின்றார்கள். மோரிதா ஓடிவந்து, இடுப்பை வளைத்துக் கும்பிட்டு நன்றி சொன்னார். குறை எங்கே என்று கேட்டார். சோற்றில் என்றதை எட்வின் மூன்று தடவை விழுங்கிவிட்டு மொழிபெயர்த்தார்.

அந்தக் கம்பெனியில் குறை என்றால் ஐந்து தடவை ஏன் என்று கேட்டே ஆக வேண்டும். மோரிதா கேட்டார். சமையல்காரர் உப்புப் போடவில்லை. ஏன்? அவர் அம்மாவும் போட்டதில்லை. ஏன்? ஐந்தாவது ஏனுக்கு, அவர்கள் ஜப்பானில் பிறந்துவிட்டார்கள் என்று பதில் வந்தது. மோரிதா அதையும் ஒழுங்காக நோட்டில் எழுதிக்கொண்டார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை.

அன்று சாயங்காலம் தெய்வசிகாமணி வீட்டுக்குப் போன் போட்டார். முதல் நாளே மொத்தக் கம்பெனியும் என்னால் நின்றது, சூப்பர்வைசர் குனிந்து கும்பிட்டார் என்றார். மயிலாத்தாளுக்குப் பெருமை பிடிபடவில்லை. நாளைக்கு ரெண்டு தடவை கும்பிட வையுங்க என்றாள்.

அப்புறம் என்ன, கேட்கவா வேண்டும். ஒரு கும்பிடு ரிப்போர்ட்டில் ஒரு மார்க் என்று தெய்வசிகாமணி கணக்குச் சொல்ல, நால்வரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடினார்கள். பொன்னுரங்கத்துக்குப் போர்வை நீளம் போதவில்லை, பாதம் வெளியே நின்றது. இழுத்தார். ஆறுக்குட்டிக்கு டீயில் பால் இல்லை. இழுத்தார். நஞ்சப்பன் வீட்டிலிருந்து மூன்று நாளாகப் போன் வரவில்லை. அது குடும்பக் குறை ஆயிற்றே என்று ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. வேலை நேரத்தில்தான் அந்தக் கவலை வருகிறது, ஆகவே அது வேலைக் குறைதான் என்று முடிவாகி, அதற்கும் இழுத்தார்கள்.

மோரிதா ஒவ்வொரு தடவையும் ஓடிவந்தார், கும்பிட்டார், ஐந்து ஏன் கேட்டார். மூன்றாவது வாரம் இடுப்புக்குப் பெல்ட் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு நாளைக்கு நானூறு பம்பு முடித்த லைனில் முப்பத்தொன்று முடிந்தது. எட்வின் தனியாகக் கூப்பிட்டு, அண்ணே, கும்பிட்டுக் கேட்டுக்கிடுதேன், அந்தக் கயித்துப் பக்கமே போவாதிய என்று கெஞ்சினார். இதைச் சொல்லச் சொன்னது மோரிதாவா என்று கேட்டார் தெய்வசிகாமணி. இல்லை, நானாகச் சொல்கிறேன் என்றார் எட்வின். அப்படியானால் அதைக் கேட்க எங்களுக்கு உத்தரவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் மோரிதாவே அவர்களை உட்காரவைத்து ஒரு தாளைக் காட்டினார். முன்பெல்லாம் கயிறு மாதத்துக்கு இரண்டு தடவை இழுபட்டது, இப்போது ஒரு நாளைக்கு நாற்பது. தயவுசெய்து இதன் வேர் எங்கே இருக்கிறது என்று நீங்களே யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

நால்வரும் சாப்பாட்டைக்கூட மறந்து யோசித்தார்கள்.

"கயிறு பழைய கயிறு. மெஷினு பழைய மெஷினு. சோத்துல உப்பு அன்னைக்கும் இல்லை, இன்னைக்கும் இல்லை" என்றார் நஞ்சப்பன்.

"அப்ப புதுசா வந்தது என்னங்?" என்றார் பொன்னுரங்கம்.

தெய்வசிகாமணி நால்வரையும் விரல் விட்டு எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். "நாமதாண்டா" என்றார்.

வேர் அகப்பட்ட சந்தோஷத்தில் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். பிறகு முறைப்படி கயிற்றை இழுத்து, ஆளுக்கொரு சிவப்புச் சீட்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, சிவப்புக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தார்கள். ஓடிவந்த மோரிதா அன்றைக்கு மட்டும் ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு நெற்றி முட்டியைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து கும்பிட்டார், திருப்பி அனுப்புகிற தாளில் உடனே கையெழுத்தும் போட்டார். மூன்று மாதத்துக்குப் போனவர்கள் ஐந்தே வாரத்தில் கோயம்புத்தூரில் இறங்கினார்கள்.

கூடவே வந்த தாளில், குறையுள்ள சாமான், நாலு உருப்படி என்று இருந்தது. தாளைப் பார்த்த வாட்ச்மேன் அவர்களை நேரே ஸ்டோருக்கு அனுப்பினார். ஸ்டோர் கீப்பர் வெங்கிடுபதி இருபத்தாறு வருஷமாக விதியைத் தாண்டி ஓர் ஆணியைக்கூட வெளியே விட்டதில்லை. திரும்பி வந்த சாமானை ஃபோர்மேன் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே விடுவேன் என்று கம்பிக் கதவைப் பூட்டிவிட்டார்.

ஜெனரல் மேனேஜர் வந்து, இவர்கள் சாமான் இல்லையப்பா, மனுஷர்கள் என்றார். தாளில் அப்படிப் போடவில்லையே என்றார் வெங்கிடுபதி. இரண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்தது. மயிலாத்தாள் கம்பி வழியாகத் தயிர்சாதம் கொடுத்துக்கொண்டே, என் தம்பியை எந்தக் கம்பெனியிலும் இப்படிப் பூட்டி வைத்ததில்லை என்று சொல்லிக்காட்டினாள். தெய்வசிகாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. ரிப்போர்ட் போச்சு, நாற்காலியும் போச்சு என்று கம்பியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ஃபோர்மேன் இல்லாமல் கதவு திறக்காது, கதவு திறக்காமல் நாலு பேர் வெளியே வர முடியாது. வேறு யாரும் அந்த நேரத்தில் அந்த வேலைக்கு ஒத்துக்கொள்ளவும் இல்லை. ஜெனரல் மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு, கம்பிக்கு வெளியே நின்றபடியே தெய்வசிகாமணியை ஃபோர்மேனாக்கி உத்தரவு எழுதி உள்ளே நீட்டினார். ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்து தொலை என்றார்.

தெய்வசிகாமணி கண்ணைத் துடைத்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வெங்கிடுபதியிடம் சின்னச் சுத்தியல் ஒன்று வாங்கினார். வார்ப்படத்தில் விரிசல் இருக்கிறதா என்று ஓசையை வைத்துக் கண்டுபிடிப்பதுதானே தொழில் முறை. மூன்று பேர் தலையையும் மெல்லத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். தன் தலையை ஆறுக்குட்டியைத் தட்டச் சொல்லிக் கேட்டார். முகம் வாடிப்போயிற்று. பேனாவை எடுத்து நாலு உருப்படிக்கும் நேராக ரிஜெக்ட் என்று எழுதினார்.

"என்ன மனுஷனுங்க நீங்க? பாஸுன்னு போட்டுட்டு வெளிய வந்தா ஆகாதா?" என்றாள் மயிலாத்தாள்.

"மொத நாளே விரிசல் உட்ட சாமானப் பாஸ் பண்ணினா என்னை எவன் ஃபோர்மேன்னு மதிப்பான்?" என்றார் தெய்வசிகாமணி.

மயிலாத்தாள் கம்பி வழியாக இன்னொரு கரண்டி தயிர்சாதம் நீட்டினாள். இந்த அளவுக்குக் கண்டிப்பு அவள் தம்பிக்குக் கிடையாது.

வெங்கிடுபதி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ரிஜெக்ட் ஆன சாமான் அனுப்பியவருக்கே திரும்பிப் போக வேண்டும். தாளில் அனுப்பியவர் என்ற இடத்தில் மோரிதா என்று பெரிய எழுத்தில் இருந்தது. நாலு விமான டிக்கெட்டுக்கும் ஃபோர்மேன் கையெழுத்து வேண்டும் என்றார். தெய்வசிகாமணி நாலிலும் போட்டார். போட்டுவிட்டு, இப்போது ஃபோர்மேன் ஆகிவிட்டதால் தன் உருப்படிக்கு மட்டும் ஜன்னல் சீட்டாகப் பார்த்துப் போடச் சொன்னார்.