கால் கழுவும் துண்டு

ரோமர் ஆண்ட காலம். கடலோர ஊர் ஒன்றில் தெமெத்ரியுஸ் என்ற பெரிய மனிதர் வீட்டில் ஞாயிறுதோறும் கிறிஸ்தவர்கள் கூடிச் சாப்பிடுவார்கள். வேலைக்காரி நோனா எல்லோர் காலையும் கழுவிவிட்ட பிறகுதான் பந்தி.

ஒரு ஞாயிறு மூன்று போதகர்கள் வந்தார்கள். இயேசு எப்போது கிறிஸ்து, அதாவது கடவுள் அபிஷேகம் செய்த மீட்பர், ஆனார் என்று பேச்சு கிளம்பியது. தாய் வயிற்றிலேயே என்றார் ஒருவர். யோர்தான் ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றபோது என்றார் அடுத்தவர். செத்து உயிர்த்தபோதுதான் என்று மூன்றாமவர் மேசையைத் தட்டினார். இது தீராமல் யாருக்கும் சாப்பாடு கிடையாது என்றார் தெமெத்ரியுஸ். வாசலில் ஏழை விதவைகள் பசியோடு காத்திருந்தார்கள்.

"ஐயா, கஞ்சி ஆறுது" என்றாள் நோனா.

"அவ்வளவு அவசரம்னா நீயே தீர்ப்புச் சொல்லு. மூணு பேரும் ஒத்துக்கணும். இல்லேன்னா நீ வேலையை விட்டுப் போகலாம்" என்றார் தெமெத்ரியுஸ்.

நோனா தண்ணீர்ப் பாத்திரத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"சாகிறதுக்கு முந்தின கடைசி ராத்திரி ஆண்டவர் இயேசு சீடர்கள் காலைக் கழுவினாரே, அதிலே யாருக்காவது சந்தேகம் உண்டா?"

போதகர்கள் மூவரும் இல்லை என்றார்கள்.

"அன்னைக்கு அவர் கிறிஸ்துவா இருந்தா, இது கிறிஸ்துவே செஞ்ச வேலை. இல்லேன்னா, கிறிஸ்து ஆகப்போறவர் செஞ்ச வேலை. எப்படிப் பார்த்தாலும், இந்த வீட்டிலே இதை நான் மட்டும் ஏன் செய்றேன்னுதான் எனக்குப் புரியலே."

இடுப்பில் கட்டியிருந்த கால் துடைக்கும் துண்டை அவிழ்த்து தெமெத்ரியுஸிடம் நீட்டினாள். மூன்று போதகர்களும் ஒன்றுபட்டு அவரையே பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் அவர் துண்டை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய், விதவைகள் முன்னால் குனிந்தார்.

கஞ்சி சூடாகத்தான் இருந்தது. நோனா பானையை அடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.