முள்ளாயி கூப்பிட்ட திறப்பு விழா

புங்கஞ்சோலைக் காட்டில் விலங்குகளுக்கென்று ஓர் ஊராட்சி இருந்தது. அதன் தலைவர் மலையாண்டி என்ற காட்டெருமை. அவருக்கு உடம்பும் பெரிது, மனசும் பெரிது. ஆனால் கடைசியாக யார் வந்து பேசுகிறார்களோ அவர்கள் சொல்வதே சரி என்று அவருக்குத் தோன்றிவிடும். அதோடு, திறப்பு விழா என்றால் சாப்பாட்டையும் மறந்து ஓடுவார். புதுப் பாதையோ, நக்குவதற்குப் புது உப்புமண் திட்டோ, எதுவானாலும் அவர்தான் வர வேண்டும். குறுக்கே கட்டிய பூங்கொடியைக் கொம்பால் அறுத்துத் திறந்து வைக்க வேண்டும்.

குடிநீர் விஷயத்தைக் கவனித்துக்கொண்டவர் தடியப்பன் என்ற காட்டுப்பன்றி. அறிவிப்பு வேலை டொக்கு என்ற மரங்கொத்திக்கு. பட்டமரத்தில் அது மூக்கால் கொட்டினால் காடு முழுக்கக் கேட்கும்.

காட்டு மேட்டில் ஒரு சுனை இருந்தது. அதன் தண்ணீர் கொஞ்ச தூரம் ஓடிவந்து இரண்டு வாய்க்காலாகப் பிரியும். கிழக்கு வாய்க்கால் புல்வெளிக்குப் போகும். அங்கே மான்களும் மயில்களும் குரங்குகளும் குடித்தன. மேற்கு வாய்க்கால் ஒரு பள்ளத்தில் இறங்கும். அங்கே குடியிருந்தவை முள்ளம்பன்றி, ஆந்தை, மரநாய், தேவாங்கு, முயல், வௌவால். இவை பகலெல்லாம் தூங்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே தலை காட்டும்.

அந்த வருஷம் கோடை கடுமையாக இருந்தது. சுனை சுருங்கியது. கிழக்கு வாய்க்காலின் திருப்பத்தில் தடியப்பன் தனக்காக ஒரு சேற்றுக்குழி வெட்டி வைத்திருந்தது. அந்தச் சேறு காய்ந்து வெடிக்கத் தொடங்கியது.

“ஐயோ, என் சேறு!” என்று தடியப்பன் பதறியது. நேராகத் தலைவரிடம் ஓடியது.

“தலைவரே! மேற்கு வாய்க்காலில் தண்ணீர் வீணாப் போகுது!”

“வீணாகவா?”

“ஆமாம்! அங்கே குடிக்க ஓர் ஆள் கிடையாது. நம்பிக்கை இல்லைன்னா நேரில் வந்து பாருங்க!”

தலைவர் நேரில் போனார். அப்போது உச்சி வெயில். பள்ளத்தில் ஈ காக்கை இல்லை. தண்ணீர் மட்டும் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ “கொர்ர்ர்” என்று ஒரு சத்தம் வந்தது.

“அது என்ன சத்தம்?” என்று தலைவர் காதை ஆட்டினார்.

“காத்து, தலைவரே! வெறும் காத்து!”

“நீ சொன்னது சரிதான். ஒருத்தரையும் காணோம். மேற்கு வாய்க்காலை அடைச்சிடு!”

தடியப்பன் அந்தக் கணமே வேலையில் இறங்கியது. வாய்க்கால் பிரியும் இடத்தில் கல்லை உருட்டிப் போட்டது. மேலே மண்ணை அள்ளிப் பூசியது. தண்ணீர் முழுவதும் கிழக்கே திரும்பியது.

பொழுது சாய்ந்தது. முள்ளாயி என்ற முள்ளம்பன்றி தன் குட்டிகளோடு வளையை விட்டு வந்தது. பெயரில் பன்றி இருந்தாலும் அதற்கும் தடியப்பனுக்கும் எந்த உறவும் இல்லை. வாய்க்காலில் வாயை வைத்தால் மணல்தான் ஒட்டியது.

“அம்மா, தண்ணி எங்கே?” என்று குட்டிகள் கேட்டன. ஆந்தை மேலே பறந்து போய்ப் பார்த்துவிட்டு, வாய்க்கால் பிரியும் இடத்தைக் கல்லும் மண்ணும் அடைத்திருப்பதையும், சுற்றிலும் தடியப்பனின் காலடி இருப்பதையும் வந்து சொன்னது. பள்ளத்து விலங்குகள் எல்லாம் கூடிவிட்டன.

வேறு வழியில்லாமல் எல்லோரும் கிழக்கு வாய்க்காலைத் தேடிப் போனார்கள். வழியில் ஒரு வெட்டவெளிப் பாறை. அதன்மேல் ஒரு சிறுத்தை படுத்திருந்தது. அது எந்த ஊராட்சிக்கும் கட்டுப்படாத சிறுத்தை. ஒரே பாய்ச்சல்! முயல் தப்பித்தது. ஆனால் அதன் வால் முடி சிறுத்தையின் நகத்தோடு போய்விட்டது. எல்லோரும் தண்ணீர் குடிக்காமலே பள்ளத்துக்குத் திரும்பி ஓடினார்கள். பாறை இடுக்கில் தேங்கிய கொஞ்ச நீரைக் குட்டிகளுக்குக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் ஈர வேரைச் சப்பினார்கள்.

விடிந்ததும் முள்ளாயி தூங்கப் போகவில்லை. பட்டமரத்தடியில் டொக்குவுக்காகக் காத்திருந்தது.

“டொக்கண்ணே! எங்க வாய்க்காலை அடைச்சுட்டாங்க. யாரிடம் முறையிடணும்?”

“இன்னிக்கு ஊராட்சிக் கூட்டம் இருக்கு. வந்து சொல்லு!”

“எப்போ?”

“உச்சி வெயில் நேரம். எப்பவும் அப்போதான்.”

அது முள்ளாயிக்கு நடுச்சாமம் மாதிரி. ஆனாலும் அது கிளம்பியது. துணைக்கு வருகிறேன் என்ற தேவாங்கு பாதி வழியிலேயே ஒரு கிளையைக் கட்டிப்பிடித்துத் தூங்கிவிட்டது. முள்ளாயி மட்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

தடியப்பன் அதைப் பார்த்தது. விஷயத்தைப் புரிந்துகொண்டது. உடனே எழுந்து பேசத் தொடங்கியது. பாதையில் கிடக்கும் சருகைப் பற்றிப் பேசியது. சருகு விழும் மரங்களைப் பற்றிப் பேசியது. அந்த மரங்களை நட்ட காற்றையும் மழையையும் பாராட்டிப் பேசியது. முள்ளாயியின் தலை மெல்ல மெல்லத் தொங்கியது.

கடைசியில் தலைவர் கேட்டார். “என்னம்மா, ஏதோ சொல்லணுமாமே?”

முள்ளாயி திடுக்கிட்டு எழுந்தது. “தலைவரே! மேற்கு வாய்க்கால்… எங்க பிள்ளைங்க… தண்ணி…” அவ்வளவுதான். “கொர்ர்ர்!”

குரங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன.

“பார்த்தீங்களா? மறுப்பு எதுவும் இல்லை!” என்றது தடியப்பன். “வாய்க்கால் அடைப்புக்கு எல்லோரும் சம்மதம்!”

“சம்மதம்!” என்றார் தலைவர். டொக்கு மரத்தில் கொட்டியது.

முள்ளாயி கண் விழித்தபோது மாலையாகியிருந்தது. கூட்டம் கலைந்து, கடைசியாய் ஒரு மயில் மட்டும் போய்க்கொண்டிருந்தது. குறட்டையையும் எடுத்த முடிவையும் பற்றி அதுதான் சொன்னது. முள்ளாயிக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. தான் குறட்டை விட்டதை நினைத்ததும் அதற்கே சிரிப்பும் வந்தது.

பள்ளத்தில் ஆந்தை கொதித்துக்கொண்டிருந்தது. “இனிப் பேச்சு எதுக்கு? இப்பவே போய் அடைப்பைப் பிச்சு எறிவோம்!”

“எறியலாம்,” என்றது முள்ளாயி. “விடிஞ்சதும் தடியப்பன் மறுபடி அடைப்பான். பகலில் நாம தூங்குவோம், அவன் முழிச்சிருப்பான். நாம இருக்கோம்னு ஊருக்கே தெரியலை. அதுதான் முதல் சிக்கல். அவங்க வந்து நம்மைப் பார்க்கணும்.”

“ராத்திரி அவங்க தூங்கிடுவாங்களே!”

“பகலில் நாம தூங்கறோம், ராத்திரி அவங்க தூங்கறாங்க. ஆனா அந்தி நேரத்தில் யாரும் தூங்கறதில்லை!”

“சரி, தலைவர் இந்தப் பள்ளத்துக்கு எதுக்கு வருவார்?” என்று மரநாய் கேட்டது.

முள்ளாயி முட்களைக் கலகலவென்று குலுக்கியது. “வருவார். ஓடியே வருவார். நீங்க கிழங்கும் அத்திப்பழமும் சேர்த்து வைங்க!”

மறுநாள் விடியலில் அது தலைவர் முன்னால் போய் நின்றது.

“தலைவரே! இன்னிக்கு அந்தி நேரத்தில் எங்க மேற்குப் பள்ளத்தில் ஒரு திறப்பு விழா. நீங்கதான் வந்து திறந்து வைக்கணும்!”

தலைவரின் கண்கள் விரிந்தன. “திறப்பு விழாவா! எதைத் திறக்கணும்?”

“இப்பவே சொல்லிட்டா என்ன சுவை இருக்கு? இதுவரை நீங்க திறந்ததிலேயே இதுதான் பெரிசு. பூங்கொடிகூடக் கட்டி வைக்கிறோம்!”

“டொக்கு! உடனே அறிவிப்புச் செய்!” என்றார் தலைவர்.

‘டொக் டொக் டொக்! அந்தியில் திறப்பு விழா! கிழங்கு உண்டு, பழம் உண்டு! எல்லோரும் வாங்க!’ காடே கேட்டது. தடியப்பனுக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் கிழங்கு என்ற சொல் சந்தேகத்தைத் தின்றுவிட்டது.

அந்தி வந்தது. வானம் மாம்பழ நிறத்தில் இருந்தது. மான்கள் வந்தன. மயில்கள் வந்தன. குரங்குகள் குதித்துக்கொண்டு வந்தன. தலைவர் கொம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டு வந்தார். பள்ளத்தில் முள்ளாயி மட்டும் நின்றது.

“அன்னிக்கே சொன்னேனே!” என்று தடியப்பன் கிசுகிசுத்தது. “இங்கே யாரும் கிடையாது, தலைவரே!”

முள்ளாயி முட்களைக் குலுக்கியது.

ஒரு புதர் அசைந்தது. முயல் எட்டிப் பார்த்தது. மரப்பொந்தில் இரண்டு வட்டக் கண்கள் திறந்தன. கிளைகளிலிருந்து தேவாங்குகள் மெதுவாக இறங்கின. மரநாய்கள் வேர்களுக்கு நடுவிலிருந்து வந்தன. தலைவரின் காலடியில் இருந்த வளையிலிருந்தே முள்ளம்பன்றிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. அவர் பதறிப்போய்க் காலைத் தூக்கிக்கொண்டார்.

“இவங்க எல்லாம் யாரும்மா?”

“உங்க ஊர்க்காரங்கதான், தலைவரே!”

“அன்னிக்கு வந்து பார்த்தேனே, ஒருத்தரையும் காணோமே! ஒரு சத்தம் மட்டும்தான் கேட்டது!”

“அது எங்க வீட்டுக்காரர் குறட்டை!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முள்ளாயியின் வீட்டுக்காரர் வெட்கப்பட்டுப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

“டொக்கு, எத்தனை பேர்னு எண்ணு!” என்றார் தலைவர். டொக்கு ஒரு தலைக்கு ஒரு கொத்து கொத்தி எண்ணத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து வௌவால்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பின. “முடியலை, தலைவரே! மூக்கு தேய்ஞ்சிடும்!” என்று டொக்கு அலறியது.

தடியப்பன் விடவில்லை. “இருக்கட்டுமே! இவங்களுக்குத் தண்ணி விட்டா கிழக்கே இருக்கிற மான்கள் கதி என்ன? தாகத்தில் செத்துப் போகுமே!”

அப்போது செவ்வந்தி என்ற பெண்மான் முன்னால் வந்தது. “எங்களுக்கு இப்பவும் நூல் மாதிரிதானே தண்ணி வருது? அதுவும் ஒரே கலங்கல். மேற்கே இருக்கிறவங்க திருடறாங்கன்னு இவர்தான் எங்ககிட்டச் சொன்னார்!”

“நாங்களா?” என்றது முள்ளாயி. “எங்க வாய்க்காலில் மணல்தான் இருக்கு. வந்து தொட்டுப் பாரு!”

செவ்வந்தி முகர்ந்து பார்த்தது. மணல் உலர்ந்து கிடந்தது.

“அப்போ அவ்வளவு தண்ணியும் எங்கே போகுது?”

எல்லோரும் மெதுவாகத் தடியப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். காது வரைக்கும் குளிர்ந்த புதுச் சேறு. வாலிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. வாயில் இருந்த கிழங்கை அது மெல்லக் கீழே வைத்தது.

“கொஞ்சம் சேறுதான்… உடம்புச் சூட்டுக்கு…” என்று முனகியது.

தலைவர் தலையைத் தாழ்த்தினார். “தடியப்பன் செஞ்சது தப்பு. ஆனா முதல் தப்பு என்னோடது. வந்து பார்த்தேன், யாரையும் கேட்கலை. கூட்டத்தில் இவ தூங்கி விழுந்தப்போ, ஏன் தூங்கறான்னும் கேட்கலை. சரி முள்ளாயி, திறக்க வேண்டியது எங்கே?”

“வாங்க, தலைவரே!” முள்ளாயி எல்லோரையும் வாய்க்கால் பிரியும் இடத்துக்கு அழைத்துப் போய் அடைப்பைக் காட்டியது. கல்லுக்கும் மண்ணுக்கும் குறுக்கே மரநாய்கள் அழகாக ஒரு பூங்கொடி கட்டியிருந்தன.

தலைவர் ஒரு கணம் விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கொம்பால் கொடியை அறுத்தார். தலையைக் கொடுத்து ஒரு முட்டு முட்டினார். கற்கள் உருண்டன. மணல் கறுத்தது. ஒரு கோடு போலத் தண்ணீர் வந்தது. பிறகு குபுகுபுவென்று பாய்ந்தது!

முள்ளாயியின் குட்டிகள் தண்ணீரோடு போட்டி போட்டு ஓடின. முயல் முகம் முழுக்க நனைய நனையக் குடித்தது. ஆந்தை தன் வயதை மறந்து சிறகடித்துக் குளித்தது. மான்களும் மரநாய்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அத்திப்பழம் தின்றன. இத்தனை வருஷமாக ஒரே காட்டில் இருந்தும் அன்றுதான் பலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

சந்தடியில் நழுவப் பார்த்த தடியப்பனைக் குரங்குகள் வளைத்துக்கொண்டன. “காட்டை விட்டே துரத்துங்க!”

“வேண்டாம்!” என்றது முள்ளாயி. “அவரைத் துரத்திட்டா வாய்க்காலை யார் தூர் வாருவாங்க? அந்த மூக்கு மாதிரி மண்வெட்டி இந்தக் காட்டில் வேறே இருக்கா? ரெண்டு வாய்க்காலையும் அவரே சுத்தம் செய்யட்டும். கிழக்கு வாய்க்கால் முடியற இடத்தில், எல்லோரும் குடிச்சு மிஞ்சின தண்ணியில், அவர் சேறு வெச்சுக்கட்டும்!”

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தடியப்பன் முதலில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலைக்குப் போனது. வாய்க்கால் ஓரத்து மண்ணில் கோரைக்கிழங்கு நிறைய இருப்பது பிறகுதான் தெரிந்தது. அதன்பின் அதை யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. தூர் வாரிய வாய்க்கால்களில் தண்ணீர் தேங்காமல் ஓடியது. சிக்கனமாகப் பங்கிட்டதில், மழை வரும்வரை இரண்டு பக்கமும் தாகம் தீர்ந்தது.

குடிநீர்ப் பொறுப்பு முள்ளாயிக்கும் செவ்வந்திக்கும் வந்தது. ஊராட்சிக் கூட்டம் அந்தி நேரத்துக்கு மாறியது. ஒரு பாதிக்கு அப்போதுதான் தூக்கம் கலைந்திருக்கும், மறு பாதிக்குத் தூக்கம் வரத் தொடங்கியிருக்கும். இரண்டு பக்கமும் கொட்டாவி விட்டதால் யாரும் நீட்டி முழக்கிப் பேசவில்லை. காரியங்கள் மட்டும் மளமளவென்று நடந்தன.

நம் கண்ணில் படாதவர்களும் ஊர்க்காரர்கள்தான். அவர்களும் வந்து பேசும்படி கூடி எடுக்கும் முடிவே ஊருக்கு நன்மை தரும்.