குலிக் கப்பல் யார் பக்கம்?

கஸ்பார் ஆய்வேட்டை மேசையில் வைத்தார். வைத்த சத்தமே புகார் மாதிரி இருந்தது.

"இது முடியாது, மேடம்."

பேராசிரியை பூங்கோதை தேநீரை ஊதினார். அவரைவிடப் பத்து வயது மூத்த மாணவர் கஸ்பார். வாரம் ஒருமுறை தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து இதையே சொல்வார். இந்த மாதக் கடைசியில் ஆய்வைக் கொடுத்தாக வேண்டும். இனி நீட்டிப்பு கிடையாது.

"இன்றைக்கு என்ன?"

"குலிக், மேடம்."

ரஷ்ய உள்நாட்டுப் போரின்போது காஸ்பியன் கடலில் ஓடிய சின்னப் போர்க்கப்பல் அது. உலகத்தில் அதற்காகக் கவலைப்பட மிச்சமிருந்தவர் கஸ்பார் ஒருவர்தான்.

"'செம்படையில் குலிக்' என்று தலைப்பைப் பதிவு செய்துவிட்டேன். இப்போது பார்த்தால் பாதிக் காலம் எதிரியின் வெண்படையில் இருந்திருக்கிறது."

"படிக்கும் முன்பே தலைப்பைப் பதிந்தால் அப்படித்தான்."

"பதிந்த பிறகுதானே மேடம் படிக்கவே விடுகிறீர்கள்?"

"அதுவும் சரி."

"இரண்டு தரப்பும் தாங்கள்தான் மூழ்கடித்ததாக எழுதிவைத்திருக்கின்றன. வெண்படைக்குப் பதின்மூன்று நாள் பின்தங்கிய பழைய காலண்டர், செம்படைக்குப் புதுசு. அவர்கள் தேதிப்படி மூழ்கிவிட்டது, இவர்கள் தேதிப்படி அதற்குப் பிறகும் சண்டை போடுகிறது. கொடியை மாற்றுகிறது, பெயரை மாற்றுகிறது. கடைசி அத்தியாயத்தில் அது யார் பக்கம் என்று எழுத?"

பூங்கோதை டம்ளரைக் கீழே வைத்தார்.

"போன வருஷம் எனக்கும் சபாரத்தினத்துக்கும் துறைத் தலைவர் பதவிக்காகச் சண்டை. நினைவிருக்கிறதா?"

"இருக்கிறது."

"என் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். அவர் கூட்டத்திலும் முதல் வரிசையாமே. நீங்கள் யார் பக்கம்?"

கஸ்பார் மின்விசிறியைப் பார்த்தார்.

"கையெழுத்து போட வேண்டியவர் நீங்கள். நூலகச் சாவி அவரிடம் இருந்தது."

"நான் கேட்டது அதுவல்ல."

"ஆய்வை முடிக்கிற பக்கம், மேடம்."

பூங்கோதை சிரிக்கவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. ஆய்வேட்டை மெதுவாகப் புரட்டினார். பீரங்கி இருந்தது. கொதிகலன் இருந்தது. மாற்றி மாற்றி ஏற்றிய கொடிகளின் நீள அகலம்கூட இருந்தது.

"தலைப்பை மாற்ற நான் எழுதித் தருகிறேன். ஒன்று மட்டும் சொல்லுங்கள். இந்தக் கப்பலில் ஆட்கள் இருந்தார்களா?"

"நாற்பது பேர் இருந்தார்கள், மேடம். முதல் நாளிலிருந்து கடைசிவரை அதே ஆட்கள்தான்."

"இதில் ஒருவரையும் காணோமே, கஸ்பார். எந்தத் துறைமுகத்தில் இறக்கிவிட்டீர்கள்?"