நாலு சக்கரத்துக்கும் ஒரே காற்று

சக்கரத்துக்குக் காற்று அடிப்பதெல்லாம் ஒரு வித்தையா என்று கேட்பவர்கள்தான் உலகத்தில் அதிகம். பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, "முப்பத்திரண்டு வைப்பா" என்று சொல்லிவிட்டு போனை நோண்டிக்கொண்டிருப்போம். நானும் அப்படி இருந்தவன்தான். பெனிட்டாவிடம் வந்து சேரும் வரைக்கும்.

கோயமுத்தூருக்கு வெளியே ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைப் போன்ற ஆசைக்காரர்களுக்கு அதைத் திறந்துவிடுவார்கள். போட்டி கிடையாது, கோப்பையும் கிடையாது. அவரவர் காரைக் கொண்டுபோய், ரோட்டில் ஓட்ட முடியாத வேகத்தில் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வரலாம். நான் பேக்கரி நடத்துகிறவன். வாரம் முழுக்க ஓவன் முன்னால் நின்றுவிட்டு, அங்கே போய் இன்னும் கொஞ்சம் வேர்த்துக்கொள்வேன்.

பெனிட்டாதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள். முப்பத்து மூன்று வயது. முன்பு பந்தயம் ஓட்டியவள். வயதில் சின்னவள் என்பதால் 'அவள்' என்கிறேனே தவிர, மனசுக்குள் 'அவர்'தான். பேச்சு ரொம்பக் குறைவு. கேள்வி கேட்டால் பதில் வராது, ஏதாவது ஒரு வேலை வரும். நம் கையில் எதையாவது கொடுத்துவிட்டு அவள் பாட்டுக்கு நகர்ந்துவிடுவாள். முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. காசு வாங்கிக்கொண்டு வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாளே என்று.

அவளுடைய சீடர்களில் மூத்தவர் வரதராஜு அண்ணன். ஐம்பத்தொன்பது வயது. பத்தொன்பது வயதில் அவர் அப்பா அவரைத் தங்கள் இரும்பு வார்ப்புப் பவுண்டரிக்குள் கொண்டுபோய் விட்டார். அன்றிலிருந்து உலைக்கும் ஆபீசுக்கும் நடுவிலேயே காலம் போய்விட்டது. மகன்கள் தலையெடுத்த பிறகு, யாரையும் கேட்காமல் ஒரு சிவப்புக் கார் வாங்கினார். ஒருநாள் டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னார்: "மாசத்துல இந்த ஒரு நாளுதானுங்க நான் யாருக்கும் அப்பனும் இல்ல, யாருக்கும் மொதலாளியும் இல்ல."

அந்த ஒரு நாளும் கைவிட்டுப் போகிற நிலைமை வந்தது.

அங்கே ஒரு கறாரான விதி உண்டு. ஒரு வருஷத்துக்குள் மூன்று முறை கார் கட்டுப்பாடு இழந்து தடத்தில் சுழன்றுவிட்டால், அங்கே ஓட்டுவதற்கான அனுமதிக் கார்டை வாங்கிக்கொள்வார்கள். அண்ணன் ஏற்கெனவே இரண்டு முறை சுழன்றிருந்தார். இன்னொன்று ஆனால் கார்டு போச்சு. போனால் போனதுதான். அறுபதைத் தொடுகிற மனிதருக்குப் புதிதாகக் கார்டு தர அங்கே யாரும் தயாராக இல்லை. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

பவுண்டரிக்காரர் அல்லவா, எதற்கும் அவருக்கு அளவு வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுத் தயாரிப்போடு வந்திருந்தார். முந்தின நாளே சக்கரங்களின் கோணம் பார்க்கிற அலைன்மென்ட் கடைக்குப் போய், கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் பச்சையாகத் தெரிகிற வரை விடாமல் நின்று சரி பார்த்திருக்கிறார். காற்றை அளக்க வீட்டிலிருந்து சொந்தமாக ஒரு கேஜ் கொண்டுவந்து, நாலு சக்கரத்திலும் முப்பத்திரண்டு வைத்தார். அரைப் புள்ளி கூட, குறைய இல்லை. பெனிட்டாவைக் கூப்பிட்டுக் காட்டி, சரியா என்று கேட்டார்.

"ஓட்டிட்டு வாங்கண்ணா" என்றாள்.

ஓட்டப் போனார். அந்தத் தடத்தில் நீளமாக வலது பக்கம் வளைகிற ஒரு திருப்பம் உண்டு. அவர் முன்பு இரண்டு முறையும் சுழன்றது அங்கேதான். இந்த முறை கார் திரும்பவே மறுத்தது. ஸ்டியரிங்கை ஒடித்தும் நேராகவே போய் இடதுபுறப் புல்லில் இறங்கி, மண்ணை வாரிக்கொண்டு ஏறியது. சுழலவில்லை, அதனால் கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் எச்சரித்துத்தான் அனுப்பினார்கள்.

காரை விட்டு இறங்கியபோது அண்ணன் முகம் வெளுத்திருந்தது. ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் பெனிட்டாவிடம் போய் நின்றார். எல்லாம் அளவுப்படிதானே இருக்கிறது, பிறகு ஏன் இப்படி என்று கேட்டார். குரலில் கோபம் இருந்தது. யார் மேல் என்று அவருக்கே தெரியாத கோபம்.

பெனிட்டா அவருடைய கேஜையே எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

குனிந்து அளந்தார். வலது முன் சக்கரத்தில் முப்பத்தாறு. இடது முன் சக்கரத்தில் நாற்பத்தொன்று. கேஜ் கெட்டுவிட்டது என்றார். என்னுடையதை வாங்கி அளந்தார். அதுவும் அதையே சொன்னது.

ஓடினால் சூடாகும், சூடானால் காற்று உப்பும். ஓவனுக்குள் போன பன் மாதிரிதான், அது எனக்கே தெரியும். அண்ணனுக்குப் புரியாதது, ஒரே மாதிரி வைத்த காற்று ஒரே மாதிரி ஏன் ஏறவில்லை என்பது.

"நாலுக்கும் ஒண்ணாத்தானுங்க வச்சேன், அம்மிணி."

"நீங்க ஒண்ணாத்தான் வச்சீங்க. தடம் அப்படி வைக்கலீங்களே."

அவர் திரும்பித் தடத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இத்தனை மாதமாக ஓட்டுகிறோம், எங்களுக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது. அங்கே முக்கால்வாசித் திருப்பம் வலது பக்கம். கார் வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் பாரம் முழுக்க இடது சக்கரங்கள் மேல் சாய்கிறது. பாவம், அவைதான் தேய்கின்றன, அவைதான் கொதிக்கின்றன. அளவுக்கு மேல் காற்று உப்பினால் டயர் தரையைப் பிடிப்பதில்லை.

"அப்ப எத்தனைதான் வைக்கட்டுங்க?"

"கெளம்பறப்ப நாலும் ஒண்ணா இருக்க வேண்டியதில்லீங்கண்ணா. ஓடிட்டு வந்து நிக்கறப்ப ஒண்ணா இருந்தாப் போதும்."

சூடாக இருக்கும்போதே நாலையும் முப்பத்து நாலுக்கு இறக்கினார்கள். இடது பக்கத்தில் நிறைய இறக்க வேண்டியிருந்தது. வால்விலிருந்து காற்று சீறிக்கொண்டு போனபோது, தன் சொத்து போவதைப் போல அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது முறை போனார். கார் சொன்னபடி திரும்பியது. ஆனால் அந்தத் திருப்பத்துக்கு முன்னால் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் வலது பக்கம் இழுக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். பயம் இன்னும் போகவில்லை. அலைன்மென்ட் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்ட ஆரம்பித்தார்.

பெனிட்டா போய் நூலும் ஸ்டாண்டும் எடுத்துவந்தாள். காரைச் சமதரையில் நிறுத்தச் சொன்னாள். காரின் நாலு மூலைக்கும் வெளியே தரையில் ஸ்டாண்டு வைத்து, காருக்கு இரண்டு பக்கமும் நேராக நூல் கட்டினாள். ஒரு இரும்பு ஸ்கேலை அவரிடம் கொடுத்து, நூலுக்கும் முன் சக்கரத்தின் விளிம்புக்கும் இடைவெளி எவ்வளவு என்று பார்க்கச் சொன்னாள். சக்கரத்தின் முன் விளிம்பில் ஒரு முறை, பின் விளிம்பில் ஒரு முறை. இரண்டு பக்கமும் அளந்து பார்த்தார். இம்மி பிசகாமல் ஒத்திருந்தது. கடைக்காரன் மேல் தப்பில்லை.

பிறகு அவருடைய எடை என்ன என்று கேட்டாள்.

எண்பத்தெட்டு என்றார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தொண்ணூற்றாறு என்றார்.

தடத்தின் ஓரத்தில் தடுப்புக்காகப் போட்டிருந்த மணல் மூட்டைகளில் இரண்டை என்னைத் தூக்கிவரச் சொன்னாள். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அவற்றை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி, விழாமல் சீட் பெல்ட் போட்டுவிட்டாள். மறுபடி அளக்கச் சொன்னாள்.

அண்ணன் குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தார். வலது முன் சக்கரம் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. நூல் இல்லாமல் கண்ணுக்குத் தெரியாது. அந்த வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங்கை இழுக்க அது போதும்.

நிமிர்ந்து, சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த மூட்டைகளைப் பார்த்தார்.

"அப்ப என்ற மேலதான் தப்புங்களா?"

"இல்லீங்கண்ணா. நீங்க உக்காராத காரைத்தான் சரி பண்ணிட்டு வந்திருக்கீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணனும் சிரிக்கவில்லை. அவர் தானே காருக்கடியில் படுத்து, அவள் சொன்ன நட்டைத் தளர்த்தி, அவள் சொன்ன அளவுக்குத் திருப்பினார். மூட்டை இருக்கையிலேயே இருந்தது. இரண்டு சக்கரமும் நூலுக்கு ஒத்துவந்த பிறகு மூட்டைகளை அவரே தூக்கி இறக்கினார். என்னை உதவிக்குக் கூப்பிடவில்லை. அந்தப் பெண்ணைக் குரு என்று சொல்வதில் எனக்கு அன்றைக்கு ஒரு கூச்சமும் இல்லாமல் போனது.

சாயங்காலம் கடைசி முறையாக ஓட்டப் போனார். நானும் பெனிட்டாவும் சுவரோரம் நின்று பார்த்தோம். அடேயப்பா, என்ன ஓட்டு ஓட்டினார் மனுஷன்! அதே சிவப்புக் கார்தானா என்று இருந்தது. அந்த நீளத் திருப்பத்தில் தண்டவாளம் போட்டதுபோல் போனார். பலகையில் அவருடைய நேரம் ஒவ்வொரு சுற்றிலும் குறைந்துகொண்டே வந்தது. டீக்கடைப் பக்கம் இருந்தவர்கள்கூட எழுந்து வந்து கைதட்டினார்கள். இதே மாதிரி முடித்துவிட்டால் அடுத்த மாதம் அவரை வேகக்காரர்கள் குழுவில் சேர்த்துவிடலாம் என்று நடத்துகிறவர்களே பேசிக்கொண்டார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பெனிட்டா மட்டும் கைதட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் கொஞ்ச நேரம்தான் பாக்கி. அப்போது சிவப்புக் கார் வேகத்தைக் குறைத்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டது. கார் ஓரம் கட்டி, மெதுவாக உருண்டு உள்ளே வந்துவிட்டது.

கைதட்டல் நின்றுபோனது. "அவ்ளோதானா, பெரியவருக்குப் பயம் வந்துருச்சா" என்று யாரோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணன் காதிலும் அது விழுந்தது. எனக்கு அவனை ஓங்கி அறையலாம் போல் இருந்தது.

அவர் இறங்கி, காரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் இருவரையும் நேராகப் பார்க்கவில்லை. கார் நன்றாகத்தான் ஓடியது என்றார். சத்தம் இல்லை, இழுக்கவும் இல்லை. பின்னால் இடது பக்கம், முதுகுக்குக் கீழே, என்னவோ முன்னே மாதிரி இல்லை என்று பட்டதாம். என்னவென்று சொல்லத் தெரியவில்லையாம். அப்படியே வந்துவிட்டாராம்.

பெனிட்டா கேஜை எடுத்துக்கொண்டு போய் முட்டி போட்டாள். மூன்று சக்கரத்தில் முப்பத்து நாலும் முப்பத்தைந்துமாக இருந்தது. இடது பின் சக்கரத்தில் இருபத்தாறு. தண்ணீர் பாட்டிலைத் திறந்து அந்த டயர் மேல் ஊற்றினாள். ஒரு சின்ன இரும்புத் துண்டு குத்தியிருந்த இடத்திலிருந்து குமிழ் குமிழாக வந்தது.

எல்லோரும் பார்த்தார்கள். இன்னும் இரண்டு சுற்று போயிருந்தால் அந்த நீளத் திருப்பத்தில் கார் பின்பக்கம் பிடிப்பு விட்டுச் சுழன்றிருக்கும். கார்டு போயிருக்கும். கார்டோடு நின்றிருந்தால் அது அவருடைய அதிர்ஷ்டம். சிரித்தவர்கள் டீக்கடைப் பக்கம் நழுவிவிட்டார்கள்.

அண்ணனுக்கு மனசு ஆறவில்லை. குமிழையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு இது தெரிஞ்சு வரலீங்க, அம்மிணி. அளவும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. பயந்துதான் வந்தேன். எல்லாரும் பாத்துட்டு இருக்கறப்ப, நல்லா ஓடிட்டு இருக்கற காரை நிறுத்திப்போட்டு வந்துட்டேன்."

பெனிட்டா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். கேஜை அவரிடம் நீட்டவில்லை, தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு, அத்தனை மாதத்தில் நாங்கள் பார்த்திராத ஒன்றைச் செய்தாள். அந்த மனிதருக்கு முன்னால் கைகூப்பினாள்.

"என்ற கடைசி ரேஸ்லயும் இதே பின் சக்கரம்தானுங்கண்ணா. எல்லாரும் கைதட்டிட்டு இருந்தாங்க. என்னமோ சரியில்லைன்னு எனக்கும் பட்டுச்சு, ஆனா நான் நிறுத்தல. செவுத்துல மோதினப்புறந்தான் எனக்குத் தெரிஞ்சுது."